கடலில் வந்தவரின் கைக்கடிகாரம்: வெள்ளவத்தையிலிருந்து கதிரவெளிக்கு

போன ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாகக் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, வெள்ளவத்தையில் தனியாக இருப்பவள், பஸ்ஸும் ரயிலும் ஏறுவதற்குச் சாட்டுத் தேடிக்கொண்டே இருப்பவள். இந்த முறை சாட்டுத் தேடவேண்டி இருக்கவில்லை. அது நானூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகமாக என் தோள்பைக்குள் கனத்துக்கொண்டிருந்தது.

பிரித்தானியக் கடற்படை அட்மிரல் ஒருவரின் வாழ்க்கை வரலாறு அது. அவருடைய மருமகன் எழுதித் தானே அச்சிட்டிருக்கிறார். மருதானைப் பக்கம் நடைபாதையில் பழைய புத்தகக் குவியலுக்குள் கிடந்ததை 350 ரூபாவுக்கு வாங்கினேன். அட்மிரலின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று யாரும் கீழே கேள்வி போடவேண்டாம். வேண்டுமென்றேதான் விடுகிறேன், காரணம் போகப்போகத் தெரியும்.

கோட்டையிலிருந்து காலை 6.05 ரயில். இரண்டாம் வகுப்பு முற்பதிவுக்கு 1,700 ரூபா கொடுத்தேன். மாகோவில் எஞ்சினைத் திருப்புவதற்கு நிறுத்துவார்கள், அப்போது இறங்கி வடை வாங்கிக்கொள்ளலாம். மட்டக்களப்புக்குப் போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. எனக்கு எதிரே இருந்த இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள் முழுகிக் கிடக்கும் போர்க்கப்பலைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் இந்தக் கரையோரமாக விமானந்தாங்கிக் கப்பலொன்றையும் வேறு சில கப்பல்களையும் மூழ்கடித்தன. அவற்றைப் பார்ப்பதற்கென்றே உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நீங்களும் அதைத்தான் பார்க்கப் போகிறீர்களா என்று ஒருவன் கேட்டான். அதிலிருந்து வெளியே வந்த ஒரு ஆளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லப் போகிறேன் என்றேன். அவன் மரியாதையாகச் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எங்கள் வீட்டுக் கதையை இந்த இடத்தில் சொல்லிவிடவேண்டும். என் அம்மாவின் தகப்பன், அதாவது என் அம்மப்பா, கதிரவெளியில் மீன்பிடித்தவர். கப்பல்கள் எரிந்த அன்று அவரும் அவருடைய மச்சானும் தோணியைத் தள்ளிக்கொண்டு போய், எண்ணெயில் கறுத்து மிதந்த வெள்ளைக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். மணலில் கிடத்திப் பார்த்தபோது மூச்சு இல்லை. இன்னும் ஆட்கள் மிதக்கிறார்கள் என்று அம்மப்பா தோணியைத் திருப்பினார். மச்சான் பிணத்துக்குக் காவலாகக் கரையில் நின்றார். அம்மப்பா திரும்பி வரவில்லை, தோணி மட்டும் மூன்றாம் நாள் வெருகல் பக்கம் ஒதுங்கியது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் செத்தவரைக் கரையேற்றினால், உடம்பில் இறுக்கிக் கட்டியிருக்கும் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். அரைஞாண், தாயத்து, காப்பு, எல்லாவற்றையும் அவிழ்த்து ஒரு துணியில் முடிந்து உரியவர்களிடம் கொடுப்பார்கள். கட்டு இருந்தால் உயிர் போகமாட்டாமல் அந்தரிக்கும் என்பது நம்பிக்கை. அப்படித்தான் அந்த மச்சான் வெள்ளைக்காரரின் கையில் இருந்த கடிகாரத்தைக் கழற்றித் துணியில் முடிந்தார். அம்மப்பாவைத் தேடி அவர் கரையோரமாக ஓடிய நேரத்தில் பட்டாளத்து லொறி வந்து பிணத்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது. முடிச்சுடன் லொறிக்குப் பின்னால் ஓடினார், அது நிற்கவில்லை.

அன்றிலிருந்து ஆண்டுதோறும் ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் கரையில் எங்கள் குடும்பம் இரண்டு பேருக்குப் பிதிர்க்கடன் கொடுத்து வருகிறது. ஒன்று அம்மப்பாவுக்கு, மற்றது பெயர் தெரியாத அந்த வெள்ளைக்காரருக்கு. ஒரே நாளில் ஒரே கடலில் போனவர்கள், அவருக்கு இங்கே கொடுப்பதற்கு யாரும் இல்லை என்பதுதான் நியாயம். முதலில் அந்த மச்சான் கொடுத்தார். பிறகு, அப்போது வயிற்றில் இருந்து பின்னால் பிறந்த என் தங்கராசா மாமா பன்னிரண்டு வயதிலிருந்து கொடுக்கிறார். இப்போது அவருக்கு எண்பத்து மூன்று. கடிகாரத்தையும் கொண்டுபோய் இலையோரத்தில் வைப்பார். சுனாமி நேரம் அது தற்செயலாக மட்டக்களப்பில் என் அம்மாவின் அலுமாரிக்குள் இருந்து தப்பியது. வாகரைச் சண்டையின்போது மாமா காட்டு வழியாக நடந்து வந்தார். உடுமாற்றுத் துணி கூட எடுக்காத மனிதர் அந்த முடிச்சை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்.

அதன் பின்பக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் வெட்டியிருக்கும். நான் முதன்முதலில் எழுதப் பழகிய ஆங்கில எழுத்துகள் அவைதான். மாமா மணலில் எழுதிக் காட்டுவார், அவருக்கும் அவற்றைத் தவிர வேறு எழுத்துத் தெரியாது. புத்தகத்தின் 187ஆம் பக்கத்தில், 1942இல் இலங்கைக் கரையில் தொலைந்த கடிகாரம் ஒன்றில் வெட்டியிருந்ததாக அந்த மூன்று எழுத்துகளையும் பார்த்தபோது, நடைபாதையிலேயே குந்தி வாசிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஆள் சாகவில்லை. லொறி குலுங்கிய குலுக்கலில் கடல்தண்ணீரைக் கக்கிவிட்டு எழும்பிவிட்டார். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த வாழ்க்கையை மருமகன் ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறார். பதின்மூன்று வயதில் கடற்படைக் கல்லூரி. அங்கே முதலாவதாக வந்ததற்குப் பரிசு, பெயரின் முதலெழுத்துகள் வெட்டிய கைக்கடிகாரம். முதல் உலகப் போரில் பீரங்கி மேடையில் நின்றார். பிறகு மோல்ட்டா, சீனக் கடல். 1942இல் கப்டன் தரத்து அதிகாரி, சொந்தக் கப்பல் கிடைப்பதற்காகக் காத்திருந்தவர், அன்று வேறொருவரின் கப்பலில் வெறும் பயணி. மூன்று கிழமை மலைநாட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அடுத்த வருடம் ரியர் அட்மிரல். வடகடலில் பனிக்குள்ளால் சரக்குக் கப்பல்களைக் காவல் செய்து கூட்டிப்போனார், ஒரு தரையிறக்கத்துக்குக் கட்டளை கொடுத்தார், அரசரிடம் பட்டம் வாங்கினார். ஓய்வுபெற்றபின் ரோசாச் செடி, நாய்கள், பத்திரிகைகளுக்குக் காரசாரமான கடிதங்கள். எண்பத்தோராவது வயதில் நித்திரையிலேயே போய்ச் சேர்ந்தார். கெட்டிக்காரர், பயமில்லாதவர், தன் மாலுமிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை.

கணக்குப் பார்த்தால், உயிரோடு இருந்த மனிதருக்கு முப்பத்தைந்து வருடம் நாங்கள் பிதிர்க்கடன் கொடுத்திருக்கிறோம். எள்ளும் தண்ணீரும் அவ்வளவு இறைத்தபடியால்தானோ என்னவோ நீண்ட ஆயுசோடு இருந்திருக்கிறார்.

கதிரவெளிக் கரையைப் பற்றி அந்தப் புத்தகத்தில் இருப்பது நாலே நாலு வரி. தன்னைத் தோணியில் ஏற்றிய உள்ளூர்க்காரர்கள், தனக்கு மூச்சுத் திரும்புவதற்கு முன்பே கடிகாரத்தைக் களவெடுத்துவிட்டார்கள் என்பதுதான் அதில் இருக்கும் சேதி. அதற்குப் பிறகு விருந்துகளில் யாராவது மணி கேட்டால், இலங்கையில் ஒரு மீன்காரனிடம் கேளுங்கள் என்பாராம். மேசை முழுக்கச் சிரிக்குமாம். கடைசிப் பக்கங்களில் பெயர்களின் அகரவரிசைப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அவருடைய மூன்று நாய்களின் பெயர்களும் அதில் இருக்கின்றன. கதிரவெளி இல்லை.

அன்றிரவு மட்டக்களப்பு நகரத்தில் 4,500 ரூபாவுக்கு ஒரு அறை எடுத்தேன். அடுத்த நாள் காலை 8.10க்குத் திருகோணமலை பஸ்ஸில் ஏறிக் கதிரவெளிக்கு டிக்கெட் எடுத்தேன், 340 ரூபா. ஓட்டமாவடி, காயான்கேணி, பனிச்சங்கேணிப் பாலம், வாகரை என்று எழுபத்தைந்து கிலோமீட்டர் அளவில் இருக்கும், இரண்டு மணித்தியாலம் எடுத்தது. வாவியும் கடலும் மாறி மாறி வரும் பாதை. வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்துக்கொண்டும் ஒன்றையும் பார்க்கவில்லை. களவுச் சேதியை மாமாவிடம் சொல்வதா விடுவதா என்பதையே யோசித்துக்கொண்டு போனேன்.

கோழைத்தனமாகப் பாதியைத்தான் சொன்னேன். ஆள் தப்பிவிட்டார், பெரிய அட்மிரலானார், எண்பத்தொரு வயது வரைக்கும் இருந்தார் என்றேன். மாமா வலை பொத்திக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்தார். கண் சரியாகத் தெரியாத மனிதர், என் முகத்துக்குக் கிட்ட வந்து பார்த்தார்.

"அப்ப ஆள் சாகல்லயா புள்ள?"

இல்லை என்றேன். பெண்சாதி, பிள்ளைகள் இருந்தார்களா என்று கேட்டார். இரண்டு மகள்மார், ஐந்து பேரப்பிள்ளைகள் என்றேன். விரலை மடக்கி எண்ணினார்.

"எங்கட அப்பா சும்மா போகல்ல. அவ்வளவு சனம் அவரால இரிக்கு."

எண்பத்து மூன்று வருடமாக அந்த மனிதரை அரித்தது இதுதான். அப்பா ஒரு பிணத்தைக் கரைசேர்த்துவிட்டு, இன்னொரு பிணத்தைத் தேடப்போய்ச் செத்தார் என்றுதான் அவருக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். பின்னேரம் முழுக்கக் கரையில் கண்டவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார். கடிகாரத்தை அந்த மகள்மாருக்கு அனுப்பவேண்டும், கூடவே ஒரு காயிதம் எழுதவேண்டும், அட்மிரலின் படம் ஒன்று கேட்கவேண்டும், அதை அப்பாவுக்குப் பக்கத்தில் கொழுவவேண்டும். அப்பாவின் படம் ஏது என்று அவருடைய மகள் சுகந்தி, என் மச்சாள், கேட்டாள். உண்மைதான், அம்மப்பாவைப் படம் பிடித்தவர்கள் யாருமில்லை. அப்படியானால் அட்மிரலின் படத்தையாவது கொழுவுவோம் என்றார் மாமா. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இறால் சொதி, முருங்கையிலைச் சுண்டல், அருமையான சாப்பாடு.

அமாவாசையன்று காலை 5.40 பஸ்ஸில் நானும் மாமாவும் மட்டக்களப்புக்கு ஏறினோம். அன்றைக்குப் பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது, கதிரவெளியிலிருந்து ஏறியபடியால் இருக்கை கிடைத்தது. மாமா வேட்டி சால்வையோடு, முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு, காயிதத்தில் என்னென்ன எழுதவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். களவெடுத்தவர்களின் பிள்ளை, களவுபோன பொருளோடு, நன்றி எழுதி, படமும் கேட்கிறார். அந்த வீட்டு மேசையில் இன்னொரு முறை சிரிப்பார்கள். பனிச்சங்கேணிப் பாலத்துக்குக் கிட்ட என்னால் முடியாமல் போய்விட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், மணி கேட்கும் பகிடியைக் கூட விடவில்லை.

மாமா வாவியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பொத்தகத்தில அப்பாட பேர் இரிக்கா?"

"இல்ல மாமா."

"ஊர்ட பேர்?"

"அதுவும் இல்ல."

"மறுகா, களவெடுத்த எண்டு மட்டும் இரிக்கு."

ஓம் என்றேன். வாழைச்சேனையில் கூட்டம் ஏறி நெருக்கியபோது முடிச்சை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"செத்துட்டான் எண்டுதான் கழட்டின. அது அவனுக்குத் தெரியா, சரி. முப்பத்தஞ்சு வருசம் இரிந்திரிக்கான் புள்ள. ஒருக்காக் கேட்டிரிக்கலாம்."

நேற்றுப் பின்னேரம் வரைக்கும் அட்மிரல் அவருக்கு 'அவர்'. பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்தபோது 'அவன்' ஆகிவிட்டார். எனக்குக் கோபம் அட்மிரலில் மட்டுமில்லை. இந்தக் கதையைத் தோண்டி எடுத்த என்னிலும் கோபம் வந்தது. மாமா ஒரு இரவுதான் சந்தோஷமாகப் படுத்தார்.

பஸ் நிலையத்திலிருந்து அமிர்தகழிக்கு நாலு கிலோமீட்டர்கூட வராது. திருவிழா நாளில் ஓட்டோவுக்கு 600 கேட்கிறார்கள், மற்ற நாளில் 400க்குப் போகலாம். பாதை மறித்திருந்தபடியால் கடைசி அரைக் கிலோமீட்டர் நடந்தோம். கச்சான் கடை, காப்புக் கடை, ஒலிபெருக்கியில் காணாமற்போன பிள்ளையின் சட்டை நிறம், ஈர உடுப்போடு வரும் சனம். தீர்த்தக் கரையில் ஐயர்மார் வரிசையாக இருந்து பிதிர்க்கடன் கொடுப்பிக்கிறார்கள், எந்த ஐயருக்கு முன்னால் இடம் கிடைக்கிறதோ அங்கே இருக்கவேண்டியதுதான். எங்களுக்கு இளம் ஐயர் ஒருவர் கிடைத்தார். மாமா முழுகிவிட்டு வந்து தர்ப்பை வாங்கிக்கொண்டு அமர்ந்தார். ஒவ்வொரு வருடமும் இலையோரத்தில் வைக்கும் கடிகாரத்தை இந்த முறை வைக்கவில்லை. முழுகப் போகுமுன் என்னிடம் தந்திருந்தார், அது என் பையில் இருந்தது.

அம்மப்பாவுக்குக் கொடுத்து முடிந்தது. மாமா எழும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கையை மறுபடியும் நீட்டினார்.

"இன்னும் ஒராள் இரிக்கு ஐயா."

ஐயர் பெயர் கேட்டார். எண்பது வருடத்துக்கு மேலாக இந்தக் கரையில் பதில் இல்லாமல் இருந்த கேள்வி அது. பதில் எனக்குத் தெரியும். பட்டங்களோடு சேர்த்து முழுப் பெயரும் என் நுனி நாக்கில் இருந்தது. நான் வாய் திறந்ததை மாமா கண்டுவிட்டார். என்னைப் பார்த்தபடியே ஐயருக்குச் சொன்னார்.

"பேர் தெரியா. கடலில வந்த ஆள்."

ஐயர் அப்படியே சொன்னார். மாமா எள்ளும் தண்ணீரும் விட்டார், ஒரு சொட்டும் குறைக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன், இங்கேயும் மூடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெயர் வேண்டுமென்றால் அவர்களுடைய நாட்டில் கல்லிலும் பித்தளையிலும் கிடக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது மாமா ஒன்றுதான் சொன்னார்.

"அதை அனுப்பிவிடு. காயிதம் ஒண்டும் வைக்காத. படமும் வேணா."

இதே பயணத்தைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். ஆடி அமாவாசைக்கு ஒரு மாதத்துக்கு முன்பே ரயில் முற்பதிவு செய்யுங்கள், கடைசி நேரம் என்றால் நின்றுகொண்டுதான் வரவேண்டும். கடல் மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் அமைதியாக இருக்கும், முழுகின கப்பல் பார்ப்பவர்கள் அப்போது வருவதுதான் நல்லது. கதிரவெளியில் தங்குமிடங்களை நம்பிப் போகாதீர்கள், வாகரையிலோ பாசிக்குடாவிலோ பார்த்துக்கொள்ளுங்கள். மதிய வெயிலில் கரையில் நிழல் கிடையாது, குடிதண்ணீர் கொண்டுபோங்கள். அங்கே நினைவுக்கல் ஏதாவது இருக்கும் என்று தேடவேண்டாம், எங்கள் ஆட்களுக்கு ஒன்றுமே இல்லை. மணல் இருக்கிறது, தோணிகள் இருக்கின்றன. கேட்டால் தேத்தண்ணீர் ஊற்றித் தருவார்கள். உங்கள் கையில் இருக்கும் பொருட்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தபால் விவரத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். அமாவாசைக்கு அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு மட்டக்களப்பில் தபால் கந்தோருக்குப் போனேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மருமகனின் விலாசம் இருந்தது. சின்னப் பெட்டி, பஞ்சு, பதிவுத் தபால், எல்லாமாக 3,860 ரூபா. உள்ளே என்ன என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். பழைய கைக்கடிகாரம், ஓடாது என்று எழுதினேன். காயிதம் வைக்காதே என்றுதான் மாமா சொன்னார், வைக்கவில்லை. ஆனால் அனுப்புகிறவரின் பெயர் இல்லாமல் பதிவுத் தபாலை எடுக்கமாட்டார்கள். என் பெயரைப் பாதி எழுதி வெட்டிவிட்டு, வேறு படிவம் வாங்கி, வகுப்பில் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டும் மாதிரி பெரிய ஆங்கில எழுத்தில் அம்மப்பாவின் பெயரை எழுதினேன்: கணபதிப்பிள்ளை மூத்ததம்பி, மீன்பிடி, கதிரவெளி. கவுண்டரில் இருந்த பெண் வாசித்துப் பார்த்துவிட்டு, ஐயா வரவில்லையா என்று கேட்டாள். கடலுக்குப் போயிருக்கிறார் என்றேன். அவள் முத்திரையைக் குத்தி, பற்றுச்சீட்டைக் கிழித்துத் தந்து, பதிவுத் தபால் என்றபடியால் அங்கே வாங்குகிறவர் அந்தப் பெயருக்கு நேரே கையெழுத்து வைத்துத்தான் எடுக்கவேண்டும் என்றாள்.